டாரன்டுலா என்ன விலை? வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வடசென்னைக்குப் பிராணி வளர்க்கும் ஆசை புதிதல்ல. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் மொட்டைமாடிகளை அண்ணாந்து பார்த்தால் புறாக்கூண்டு தெரியும். கொளத்தூர் போனால் கடைக்குக் கடை வண்ணமீன். இப்போது அந்த ஆசை எட்டுக்கால் பூச்சி பக்கமும் திரும்பியிருக்கிறது. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் கையில் நீலச் சிலந்தி ஊர்வதைக் கைபேசியில் பார்த்துவிட்டு, "அண்ணா, ஒரு குட்டி நாலாயிரம் சொல்றாங்க, வாங்கலாமா?" என்று கேட்கும் திருவொற்றியூர்ப் பையன்கள் உண்டு.

கேள்வியில் தப்பில்லை. ஆனால் அந்த நாலாயிரம் எதற்கான விலை என்று சொன்னவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. சிலந்தியின் விலையில் அதன் வயது இருக்கிறது, அது ஆணா பெண்ணா என்பது இருக்கிறது, எந்தக் காட்டிலிருந்து எப்படி வந்தது என்பதும் இருக்கிறது. காசை எடுக்கும் முன் அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

படி 1: கடைப்பெயரை நம்பாதீர்கள், அறிவியல் பெயரைக் கேளுங்கள்

டாரன்டுலா குடும்பத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. 'மெக்சிகன் ரெட் நீ', 'கூட்டி சஃபையர்' என்பதெல்லாம் வியாபாரிகள் வைத்த பெயர். ரெட் நீ என்ற ஒரே பெயரில் பிராக்கிபெல்மா ஸ்மித்தி, பிராக்கிபெல்மா ஹமோரி என்று இரண்டு இனங்கள் பல ஆண்டுகள் கைமாறின. 2017-ல் வந்த ஓர் ஆய்வுக்குப் பிறகுதான் அந்தக் குழப்பம் தெளிந்தது. அறிவியல் பெயரைச் சொல்லத் தெரியாதவரிடம் பேரம் பேச ஒன்றுமில்லை. சட்டம் பார்ப்பதும் அந்தப் பெயரைத்தான்.

இன்னொன்றையும் இங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த பல இனங்கள் மிரண்டால் பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத முள்முடிகளைக் காற்றில் பறக்கவிடும். ஆசிய, ஆப்பிரிக்க இனங்களுக்கு அந்த முடி கிடையாது. அவை ஓடும், முடியாவிட்டால் கடிக்கும், கடியும் பலமாக இருக்கும்.

படி 2: குட்டியா, பெண்ணா, ஆணா?

விலை ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் இங்கேதான். ஒரே தாயின் முட்டைப்பையிலிருந்து வந்த இரண்டு சிலந்திகளில் ஒன்று பத்து மடங்கு விலைக்குப் போகலாம்.

ரெட் நீ பெண் இருபது ஆண்டுக்கு மேல் வாழும். ஆண் கடைசி முறை சட்டை உரித்து வயதுக்கு வந்த பிறகு, பெரும்பாலும் ஓராண்டு அல்லது அதைச் சற்றே தாண்டி இறந்துவிடும். அமெரிக்கச் சந்தையில் விரல்நகத்தைவிடச் சின்னக் குட்டி சுமார் 20 முதல் 50 டாலருக்குக் கிடைக்கிறது. பெண் என்று உறுதி செய்யப்பட்ட வளர்ந்த சிலந்தி 150 முதல் 300 டாலர் வரை போகிறது. அந்த இடைவெளி முழுக்கக் காலத்துக்கான கூலி. இந்த இனம் மெதுவாக வளரும். பெண் வயதுக்கு வர ஆறேழு ஆண்டுகூட ஆகலாம். அத்தனை நாளும் ஒருவர் தீனி போட்டு, ஒவ்வொரு சட்டையும் தப்பாமல் உரிந்ததா என்று பார்த்திருக்கிறார்.

"நல்லா வளர்ந்தது, சல்லிசா தர்றேன்" என்று யாராவது சொன்னால் முன்னால் இருக்கும் உணர்கால்களைப் பாருங்கள். நுனி குத்துச்சண்டைக்காரர் கையுறைபோல் உருண்டிருந்தால் அது வயதுக்கு வந்த ஆண். பல இனங்களில் முன்கால்களின் அடிப்புறத்தில் சின்னக் கொக்கியும் இருக்கும். உங்கள் வீட்டுக்கு வந்த சில மாதங்களிலேயே அது செத்துப்போகலாம்.

பெண் என்று விற்பவர் ஆதாரம் காட்ட வேண்டும். உரித்துப்போட்ட சட்டைதான் ஆதாரம். அதை ஈரமாக்கி, வயிற்றுப்பகுதித் தோலை ஊசியால் கிழியாமல் விரித்து, உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். நுரையீரல் இருந்த இடத்தில் வெள்ளையாக நான்கு திட்டுகள் தெரியும். மேலே உள்ள இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன மடிப்பு துருத்திக்கொண்டிருந்தால் பெண். விந்தைச் சேமித்து வைக்கும் பை அது. வெறும் கோடாக இருந்தால் ஆண். நல்ல லென்ஸ் ஒன்று போதும். சட்டையைக் காட்டாமல் பெண் விலை கேட்பவர் ஊகத்தைத்தான் விற்கிறார்.

படி 3: 'அரிது' என்றால் எங்கே அரிது?

ராயபுரத்துக்காரர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அந்தத் தடத்தில்தான் அரக்கோணம் வருகிறது. பிறகு அங்கிருந்து பிரிந்து பம்பாய்க்கு நீண்ட பாதையில் வருவது ஆந்திரத்தின் குத்தி. உலகெங்கும் சேகரிப்பாளர்கள் தேடும் இரண்டு சிலந்திகள் அறிவியலுக்கு அறிமுகமானது இந்த இரண்டு ஊர்களில் கிடைத்த மாதிரிகளால். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த ரெஜினால்ட் போக்காக் 1899-ல் பீசிலோதீரியா ரீகாலிஸ் என்று பெயரிட்டது அரக்கோணத்துச் சிலந்திக்கு. அதே ஆண்டு குத்தி ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த நீல நிறச் சிலந்திக்கு பீசிலோதீரியா மெட்டாலிகா என்று பெயரிட்டார். 'கூட்டி சஃபையர்' என்று விற்கிறார்களே, அது இதுதான்.

குத்தியில் அதற்கு வீடு கிடையாது. மரத்தோடு ரயிலேறி அங்கே வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. நூறாண்டுக்கு மேல் அது பார்வைக்கே வரவில்லை. 2001-ல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையிலுள்ள காட்டில், குத்தியிலிருந்து நூறு கிலோமீட்டர் போலத் தள்ளி, மறுபடி கண்டுபிடித்தார்கள். அப்போது அது இருப்பதாகத் தெரிந்த இடம் மொத்தமும் நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2008-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மிக அபாய நிலையில் உள்ள இனம் என்று அறிவித்தது. 2020-ல் செஞ்சி பக்கம் பக்கமலைக் காப்புக்காட்டிலும் தென்பட்டதாகச் செய்தி வந்தது.

சந்தைக்கு வந்த புதிதில் வளர்ந்த சிலந்தி ஒன்று 500 டாலருக்கு மேல் போனது. இன்றைய கணக்கில் நாற்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் குஞ்சு பொரிக்கவைத்தார்கள், விலை சரிந்தது. இப்போது குட்டி சில பத்து டாலருக்கே கிடைக்கிறது. ஆக அந்த 500 டாலர், சேகரிப்பாளர்களின் பெட்டிகளில் அது அரிதாக இருந்ததற்கான விலை. காட்டில் அது அரிதாகவே இருக்கிறது, விறகுக்கும் மரத்துக்கும் அங்கே வெட்டு விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. பொந்துள்ள பழைய மரம் போனால் சிலந்திக்கு வேறு போக்கிடம் இல்லை. வெளிநாட்டுப் பெட்டிகளில் பிறந்த குட்டி ஒவ்வொன்றுக்கும் பாட்டி இந்தக் காட்டிலிருந்து யாரோ தூக்கிப்போன ஒரு சிலந்திதான். இதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் இனத்தின்மேல் ஆசை இன்னும் வெறியாகிறது. மலேசியாவின் சரவாக் காட்டு நீலக்கால் சிலந்தி ஒன்றுக்கு 2019-ல் பிரிட்டனில் பெயர் சூட்டினார்கள். ஆய்வுக்குப் போன மாதிரிகளே அனுமதியின்றி எடுக்கப்பட்டவை என்று அப்போது பெரிய சர்ச்சை எழுந்தது. 2022-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, அறியப்பட்ட டாரன்டுலா இனங்களில் பாதிக்கு மேல் வியாபாரத்தில் இருப்பதாகக் காட்டியது. விற்கப்படுபவற்றில் கணிசமானவை காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவை.

தாய்லாந்தில் வேறு மாதிரி ஒன்று நடந்தது. அலையாத்திக் காட்டில் வாழும் மின்நீலச் சிலந்திக்குப் பெயர் வைக்கும் உரிமையை ஏலம் விட்டார்கள். வந்த பணம் லாஹு பழங்குடிப் பிள்ளைகளின் படிப்புக்கும் ஏழைப் புற்றுநோயாளிகளுக்கும் போனது. 2023-ல் வெளியான அதன் பெயர் கைலோப்ராக்கிஸ் நட்டானிச்சாரம். அரிய சிலந்திக்குச் செலவழித்த பணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பணம் கொடுத்தவர் வீட்டுக்கு ஒரு சிலந்திகூடப் போகவில்லை.

படி 4: காகிதத்தைக் கேளுங்கள்

மெக்சிகோவின் பிராக்கிபெல்மா சிலந்திகள் நெடுங்காலமாகவே, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. இலங்கையும் அமெரிக்காவும் முன்மொழிய, பீசிலோதீரியா பேரினம் முழுவதும் 2019-ல் அதில் சேர்ந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் இவை எல்லை தாண்டக் கூடாது.

இந்தியாவுக்குள் நிலைமை 2022-ல் மாறியது. அந்த ஆண்டு திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சைட்டீஸ் இனங்களுக்கென்றே நான்காம் அட்டவணையைக் கொண்டுவந்தது. அதிலுள்ள உயிருள்ள பிராணியை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும், கைமாற்றினாலும் குட்டி போட்டாலும் செத்தாலும் தெரிவிக்க வேண்டும். இதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. விண்ணப்பிக்கும் இடம் பரிவேஷ் 2.0 இணையதளம், அனுமதி தருபவர் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர். மீறினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"பார்சல்ல வந்துடும் ப்ரோ" என்பவர்களுக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. 2021 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த தபால் பார்சல் ஒன்றை விமான நிலையச் சுங்கத்துறையினர் பிரித்தார்கள். உள்ளே தெர்மாகோல் பெட்டி. அதில் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சின்னப் பிளாஸ்டிக் குப்பிகள், குப்பிக்கு ஒன்றாக உயிருள்ள சிலந்தி. வனவிலங்குக் குற்றத்தடுப்புப் பிரிவினரும் இந்திய விலங்கியல் ஆய்வகத்தாரும் வந்து பார்த்து, மத்திய, தென் அமெரிக்க டாரன்டுலாக்களாக இருக்கலாம் என்றார்கள். இறக்குமதி உரிமம் இல்லை, உடல்நலச் சான்றிதழும் இல்லை. போலந்துக்கே திருப்பி அனுப்பத் தபால்துறையிடம் ஒப்படைத்தார்கள். அத்தனை பயணத்தை இருட்டுக் குப்பியில் செய்த உயிர் மறுபடி அதே குப்பியில் திரும்பியது. எத்தனை பிழைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பன்னாட்டுத் தபாலில் தேனீ, அட்டை, பட்டுப்புழு போன்ற சிலவற்றைத் தவிர உயிருள்ள எதையும் அனுப்பவே கூடாது.

எனவே விற்பவரிடம் பதிவுச் சான்று, இறக்குமதியானதென்றால் அதன் அனுமதி, உங்கள் பேருக்குக் கைமாற்றும் காகிதம் மூன்றையும் கேளுங்கள். "எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். தாய் எங்கே, முட்டைப்பை எப்போது வந்தது என்று சொல்ல முடியாதவரிடமும் வாங்காதீர்கள்.

படி 5: கொசுவர்த்தியைக் கணக்கில் சேருங்கள்

தீனிச் செலவு பெரிதில்லை. வளர்ந்த சிலந்திக்கு வாரம் ஒன்றிரண்டு வளர்ப்பு வெட்டுக்கிளி, அல்லது அதற்கும் குறைவு. சென்னை வெயிலுக்கு ஹீட்டரும் தேவையில்லை. நார்க்கழிவு நிரப்பிய காற்றோட்டமான பெட்டி, ஒரு தண்ணீர்த் தட்டு போதும்.

ஆனால் நம் பகுதியில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் கொசஸ்தலை முகத்துவாரத்துப் பக்கமும் கொசு இல்லாத இரவு ஏது? சுவரில் செருகும் திரவ மருந்து, சுருள், கரப்பானுக்கு அடிக்கும் ஸ்ப்ரே என்று கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பைரித்ராய்டு வகை. சிலந்திக்கு அது நேரடி விஷம். மாநகராட்சி புகை அடிக்கிற மாலையில் ஜன்னலை மூட இரண்டு நிமிடம் தாமதித்தாலும் ஆபத்துதான். வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போட்டால் அது ஏற்கெனவே மருந்து தின்றதாக இருக்கலாம். எண்ணூரில் கைக்குழந்தையோடு ஒற்றை அறையில் இருப்பவரிடம் கொசுவர்த்தி வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அப்படிப்பட்ட வீட்டில் டாரன்டுலா வேண்டாம்.

பெட்டியைத் திறக்கும்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். முள்முடி கண்ணில் விழுந்தால் கருவிழிக்குள் புகுந்து மாதக்கணக்கில் உறுத்தும், கண் மருத்துவரிடம்தான் போக வேண்டும். பீசிலோதீரியா கடித்தால் ஆள் செத்ததாகப் பதிவில்லை. ஆனால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் விட்டுவிட்டு வரும். முறிவு மருந்தும் கிடையாது. கடித்தால் நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய், கடித்த இனத்தின் பெயரைச் சொல்லுங்கள். கையில் ஏற்றி விளையாடவே வேண்டாம். தரையில் வாழும் கனத்த சிலந்தி இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு பிளந்து இறந்துவிடலாம்.

படி 6: காட்டில் பிடிக்காதீர்கள்

தமிழ்நாட்டிலேயே இவை இருக்கின்றனவே, நாமே பிடித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ராமேஸ்வரம் தீவின் பீசிலோதீரியா ஹனுமவிலாசுமிகாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-ல்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள். பழைய புளியந்தோப்புகளின் பொந்துகளில் வாழ்கிறது, கடலுக்கு அந்தப்பக்கம் மன்னாரிலும் இருக்கிறது. இதுவும் மிக அபாய நிலையில்தான் உள்ளது. இதுபோன்ற ஒரு தோப்பில் நான்கு பெண் சிலந்திகளை எடுத்தால் அங்கே அந்த வம்சமே ஆட்டம்கண்டுவிடும். பார்க்க ஆசையென்றால் வனத்துறை அனுமதியோடு போகும் ஆய்வாளர்களுடன் சேர்ந்து இரவில் மரப்பொந்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். எடுத்த படத்தைப் போடும்போது இடத்தின் பெயரைப் போடாதீர்கள். பிடிப்பவர்களும் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

ஏற்கெனவே வைத்திருந்தால்

பயந்துபோய் மணலி ஏரிக்கரையிலோ காட்டுப்பள்ளிப் புதரிலோ விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் சில நாளில் செத்துவிடும். பிழைத்தாலோ நம் மண்ணின் பூச்சிகளுக்கு அது தொல்லை. எங்கே, எப்போது, யாரிடம் வாங்கினீர்கள் என்பதை எழுதி, பணம் அனுப்பிய ரசீது, சிலந்தியின் படம், உரித்த சட்டை ஆகியவற்றோடு கிண்டியில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். சட்டையைத் தூக்கிப்போடாமல் உலரவைத்து, தேதி எழுதிய தீப்பெட்டியில் வைத்திருங்கள். இனத்தை உறுதி செய்யவும் அது உதவும்.