நெடுநாள் வாடிக்கையாளர் கொடுக்கும் விலை

2025 ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறையின்போது பிரிட்டனில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளுக்குப் போனவர்கள் முதலில் கவனித்தது ஒரு சின்னத் தடங்கலைத்தான். கார்டைத் தொட்டுப் பணம் செலுத்த முடியவில்லை. இணையத்தில் ஆர்டர் செய்துவிட்டுக் கடையில் வாங்கிக்கொள்ள வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். சைபர் தாக்குதல் நடந்திருக்கிறது என்று ஏப்ரல் 22 அன்று நிறுவனம் அறிவித்தது. 25ஆம் தேதி இணைய ஆர்டர்களை முற்றாக நிறுத்தியது. துணிமணியிலும் வீட்டுப் பொருள்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இணையம் வழியாக விற்கும் நிறுவனம், ஜூன் 10 வரை அந்தக் கதவை மூடி வைத்திருந்தது. கடையில் வந்து பெற்றுக்கொள்ளும் வசதி திரும்ப வர ஆகஸ்ட் ஆகிவிட்டது. பத்திரிகைகள் பெரும்பாலும் இதை ஒரு பெரிய நிறுவனத்தின் நஷ்டக் கதையாகவே எழுதின. இத்தகைய தாக்குதல்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்ததில் எனக்குப் பட்ட பாடம் வேறு. கடை மீது நடக்கும் தாக்குதலில் அதிகம் மாட்டிக்கொள்பவர் அந்தக் கடையை அதிகம் நம்பியவர்தான். அவர் அதிகம் வாங்கினார் என்பது காரணமில்லை. அவரைப் பற்றிக் கடை அதிகம் சேர்த்து வைத்திருந்தது என்பதுதான் காரணம்.

கடையின் நஷ்டத்துக்குக் கணக்கு இருக்கிறது. அந்த நிதியாண்டின் லாபத்தில் சுமார் 30 கோடி பவுண்டு குறையும் என்று மே மாதமே நிறுவனம் மதிப்பிட்டது. செப்டம்பரில் முடிந்த அரையாண்டில் வரிக்கு முந்தைய லாபம், முந்தைய ஆண்டின் 39.19 கோடி பவுண்டிலிருந்து 34 லட்சம் பவுண்டாகச் சரிந்தது. காப்பீட்டிலிருந்து 10 கோடி பவுண்டு திரும்பக் கிடைத்தது. ஆனால் அதே அறிக்கையின் இன்னொரு எண்தான் என்னை யோசிக்க வைக்கிறது: அந்த ஆறு மாதத்தில் உணவுப் பொருள் விற்பனை 7.8 சதவீதம் கூடியிருந்தது. துணிமணி, வீட்டுப் பொருள் பிரிவின் இணைய விற்பனையோ 42.9 சதவீதம் விழுந்திருந்தது. அதாவது, திறந்திருந்த கதவு வழியாக மக்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். மூடியிருந்த கதவுக்கு வெளியே நின்றவர்கள்தான் வேறு கடைக்குப் போனார்கள். போட்டியாளரின் தடங்கல் தனக்கு உதவியது என்று நெக்ஸ்ட் நிறுவனமே வெளிப்படையாகச் சொன்னது. கடையின் பெயர் கெட்டது, நம்பிக்கை உடைந்தது என்று சொல்வது எளிது. எண்கள் அப்படிச் சொல்லவில்லை. வாடிக்கையாளரின் பிடிப்பு நாம் நினைப்பதைவிட உறுதியானது. அப்படி விட்டுப் போகாமல் நின்றவருக்குக் கடை என்ன பதில் வைத்திருந்தது என்பதே என் கேள்வி.

மே 13 அன்று மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒன்றைச் சொன்னது. பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், குடும்ப விவரங்கள், இணையத்தில் என்னென்ன வாங்கினார்கள் என்ற வரலாறு ஆகியவை திருடப்பட்டிருக்கலாம். பயன்படுத்தக்கூடிய கார்டு எண்களோ பாஸ்வேர்டுகளோ அதில் இல்லை. இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டும். ரொக்கம் கொடுத்து ஒரு சட்டை வாங்கிப் போனவரைப் பற்றிக் கடைக்கு எதுவும் தெரியாது. அவருடையது என்று திருடவும் எதுவும் இல்லை. ஒரே ஒரு முறை இணையத்தில் வாங்கியவரின் முகவரி மட்டும் போயிருக்கும். பத்து வருடமாக அங்கேயே வாங்கி, பிறந்த நாள் சலுகைக்காகத் தேதியைக் கொடுத்து, குழந்தைக்குப் பள்ளிச் சீருடையும் தாய்க்குக் கம்பளிச் சட்டையும் அங்கிருந்தே அனுப்பியவரின் வாழ்க்கைச் சித்திரம் முழுதாகப் போயிருக்கும். கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்பில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. அதே ஏப்ரல் இறுதியில் தாக்கப்பட்ட கோ-ஆப்பின் 65 லட்சம் உறுப்பினர்களின் விவரங்களும் திருடப்பட்டதாக ஜூலையில் அதன் தலைமை நிர்வாகி உறுதிப்படுத்தினார். 1844இல் ராச்டேலில் நெசவாளிகளும் கைவினைஞர்களும் தொடங்கிய மரபில் வரும் நிறுவனம் அது, உறுப்பினர்கள்தான் உரிமையாளர்கள். பிடிப்போடு சேர்ந்தவர்கள் அனைவரும் பட்டியலில் இருந்தார்கள். வழியில் போகிறவராக நுழைந்து பால் வாங்கியவர் இல்லை.

கார்டு எண் போகவில்லையே, அப்புறம் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் கார்டு எண்ணைத்தான் எளிதாக மாற்ற முடியும். வங்கி ஒரே வாரத்தில் புதிய கார்டு அனுப்பிவிடும். பிறந்த தேதியை யாரும் மாற்றித் தர முடியாது. வீட்டு முகவரியை மாற்ற வீடு மாற வேண்டும். திருடர்கள் உள்ளே நுழைந்த விதத்தைப் பார்த்தால் இந்த விவரங்களின் மதிப்பு இன்னும் நன்றாகப் புரியும். ஜூலை 8 அன்று நாடாளுமன்றக் குழு முன் பேசிய மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் தலைவர் ஆர்ச்சி நார்மன், ஏப்ரல் 17 அன்று ஆள்மாறாட்டத்தின் மூலம், வெளி நிறுவனம் ஒன்றின் வழியாகத் தாக்குதல்காரர்கள் நுழைந்ததாகச் சொன்னார். பூட்டை உடைக்கவில்லை; உள்ளே இருப்பவர் போலப் பேசினார்கள். ஒருவரைப் போல நம்பும்படி பேச வேண்டுமானால் அவரைப் பற்றிய விவரம் வேண்டும். கடையிடமிருந்து திருடியது அத்தகைய விவரத்தைத்தான். கடையை ஏமாற்றிய அதே முறையை இனி வாடிக்கையாளர் மீது திருப்ப அது போதும். "நீங்கள் மார்ச்சில் வாங்கிய கோட்டுக்குப் பணம் திரும்ப வருகிறது, இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று வரும் செய்தியைப் பழக்கமில்லாத வாடிக்கையாளர் சந்தேகிப்பார். உண்மையாகவே அந்தக் கோட்டை வாங்கியவர் நம்பிவிடுவார்.

ஆகவே, தாக்கப்பட்ட கடையின் வாடிக்கையாளர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: உங்களைப் பற்றிச் சரியான விவரம் சொல்கிறார் என்பதற்காக யாரையும் நம்பாதீர்கள். சரியான விவரம் தெரிந்திருப்பதே இனி அடையாளச் சான்று ஆகாது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, கடையின் பழைய ரசீதிலோ அதிகாரப்பூர்வ தளத்திலோ இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். அந்தக் கடைக்கு வைத்திருந்த பாஸ்வேர்டை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால், முதலில் மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள்; கடைக் கணக்கு போனால் ஒரு கடையோடு போகும், மின்னஞ்சல் போனால் அதன் வழியாக மற்ற எல்லாக் கணக்கும் போகும். சேமித்து வைத்திருக்கும் கார்டுகளை நீக்கிவிடுங்கள். இந்த எச்சரிக்கை ஒரு மாதத்தில் முடிந்துவிடும் விஷயமில்லை. திருடிய விவரங்கள் செய்தியில் பேச்சு அடங்கிய பிறகும் விலைக்குப் போய்க்கொண்டிருக்கும். வீட்டில் வயதானவர்கள் அந்தக் கடையின் வாடிக்கையாளராக இருந்தால், அவர்களிடம் இதை ஒரு முறை சொல்லிவிட்டு விடாமல் மறுபடி மறுபடி சொல்ல வேண்டும்.

கடையும் பாதிக்கப்பட்டதுதானே, குற்றம் செய்தவனை விட்டுவிட்டு அதை ஏன் கேட்கிறீர்கள் என்பது அடுத்த மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. ஜூலையில் பிரிட்டிஷ் தேசியக் குற்ற முகமை, இந்தத் தாக்குதல்கள் தொடர்பான சந்தேகத்தில் 17 முதல் 20 வயது வரையுள்ள நால்வரைக் கைது செய்தது. குற்றத்தின் பொறுப்பு குற்றவாளியுடையது. ஆனால் அடகுக் கடையில் திருட்டு நடந்தால் கடைக்காரரும் பாதிக்கப்பட்டவர்தான்; அதற்காக நகையை வைத்தவருக்குப் பதில் சொல்லும் கடமை அவருக்கு இல்லாமல் போகாது. அதிலும், தேவையில்லாத நகையையும் கேட்டு வாங்கி வைத்திருந்தால் கடமை இரட்டிப்பு. 2013 இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் நான்கு கோடிக் கார்டு எண்களும் ஏழு கோடிப் பேரின் விவரங்களும் திருடப்பட்டபோது, திருடர்கள் நுழைந்தது குளிர்சாதனப் பணிக்கான ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் கணக்கு வழியாக. பன்னிரண்டு ஆண்டு கழித்தும் மூன்றாம் நபரின் வாசல்தான் திறந்திருக்கிறது என்றால், இதை எதிர்பாராத விபத்து என்று சொல்ல முடியாது. 2025 மே மாதத்தில் பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் நிறுவனங்களுக்குச் சொன்ன அறிவுரையில் ஒன்று, ஹெல்ப் டெஸ்க் எப்படிப் பாஸ்வேர்டை மாற்றித் தருகிறது என்பதை மறுபடி பாருங்கள் என்பதே. பிரிட்டிஷ் நிறுவனங்கள் பலவற்றின் ஹெல்ப் டெஸ்குகள் சென்னை உட்பட இந்திய நகரங்களில் இயங்குவதால், இது நம்மவர்கள் பலருடைய அன்றாட வேலை. அழைப்பவர் மேலதிகாரி என்று சொன்னாலும், அவசரம் என்று அதட்டினாலும், பதிவில் உள்ள எண்ணுக்குத் திருப்பி அழைத்த பிறகே மாற்றித் தருவேன் என்று சொல்லும் ஊழியரை நிர்வாகம் கண்டிக்கக் கூடாது, பாராட்ட வேண்டும். அழைப்பை எத்தனை நிமிடத்தில் முடித்தார் என்று மட்டும் அளக்கும் இடத்தில் அந்தத் துணிச்சல் யாருக்கும் வராது.

சொல்வதில் காட்டும் தாமதம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏப்ரல் 22க்கும் மே 13க்கும் இடையே மூன்று வாரம். கோ-ஆப் முதலில் அலுவலகப் பணிகளிலும் அழைப்பு மையத்திலும் சிறு பாதிப்பு என்றது. ஹேக்கர்கள் பிபிசியைத் தொடர்புகொண்ட பிறகு, பெரும் எண்ணிக்கையிலான உறுப்பினர்களின் விவரம் போனதாக ஒப்புக்கொண்டது. ஜூலையில் அது அனைவருமாயிற்று. உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது, அரைகுறையாகச் சொன்னால் பீதிதானே பரவும் என்று நிர்வாகங்கள் கேட்கும். விசாரணைக்கு நேரம் ஆகும் என்பது சரி. ஆனால் வாடிக்கையாளருக்கு வேண்டியது விசாரணை முடிவு இல்லை. "உங்கள் விவரங்கள் போயிருக்கக்கூடும், போனதாகவே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்" என்ற ஒரு வாக்கியம் முதல் நாளே போதும். தவறாக எச்சரித்ததால் வரும் சங்கடம் நிறுவனத்துக்கு. எச்சரிக்காததால் வரும் இழப்பு வாடிக்கையாளருக்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அதே நாடாளுமன்றக் குழுவில் நார்மன், முந்தைய நான்கு மாதங்களில் பெரிய பிரிட்டிஷ் நிறுவனங்கள் மீது நடந்த இரண்டு பெரும் தாக்குதல்கள் அதிகாரிகளுக்கே தெரிவிக்கப்படாமல் போனதாகத் தாம் நம்புவதாகக் கூறி, தெரிவிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற கருத்தை ஆதரித்தார். தாக்கப்பட்ட நிறுவனத்தின் தலைவரே அப்படிச் சொல்லும்போது, சுயவிருப்பத்துக்கு விட்டுவிடலாம் என்ற வாதம் எனக்குச் செல்லாது.

ஒரு விஷயத்தில் கோ-ஆப் செய்தது பெரிதும் மதிக்கத்தக்கது. ஊடுருவல் தெரிந்ததும் தன் கணினி இணைப்புகளைத் தானே துண்டித்தது. அதனால் ரான்சம்வேர் அதன் அமைப்புகளைப் பூட்டும் கட்டத்துக்கு வரவில்லை. அதற்கும் விலை இருந்தது. கிடங்கிலிருந்து கடைக்குப் பொருள் அனுப்பும் முறை தடுமாறி ஷெல்ஃபுகள் காலியாயின. நகரத்தில் அது எரிச்சலோடு முடியும்; எதிரே இன்னொரு கடை இருக்கும். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவு போன்ற இடங்களில், அக்கம்பக்கத்து மக்கள் காய்கறிக்கும் ரொட்டிக்கும் கோ-ஆப்பையே நம்பியிருந்தார்கள். வேறு வழியில்லாதவரும் ஒருவகையில் நிலையான வாடிக்கையாளர்தான், ஆனால் அவருடைய நிலைமையை எந்த லாயல்டி திட்டமும் கணக்கில் எடுப்பதில்லை. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் ஊழியர்களும் பேனாவும் காகிதமுமாக வேலை பார்த்தார்கள். உணவு வீணாவது கூடியது. கணினி இல்லாமல் ஒரு வாரம் கடையை ஓட்ட முடியுமா என்று ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறையாவது உண்மையாகவே ஓட்டிப் பார்க்க வேண்டும். தட்டுப்பாடு வந்தால் முதலில் எந்த ஊருக்கு லாரி போகும் என்பதையும் அப்போதே எழுதி வைக்க வேண்டும்.

உறுப்பினர்களுக்கு நன்றி சொல்லும் விதமாக, 40 பவுண்டுக்குப் பொருள் வாங்கினால் 10 பவுண்டு தள்ளுபடி என்று ஜூனில் கோ-ஆப் அறிவித்தது. நல்லெண்ணம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பறிபோன பிறந்த தேதிக்கு அது ஈடாகாது. இனிச் சேர்க்கும் விவரத்தைக் குறைப்பதுதான் ஈடு. இந்தியாவிலும் இந்தப் பேச்சுக்கு வேலை இருக்கிறது. 2020இல் பிக்பாஸ்கெட்டின் சுமார் இரண்டு கோடிப் பயனர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண், பிறந்த தேதி வெளியே போயின. போன் நம்பர் தந்தால்தான் பில் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியது. பில் கவுன்டரில் அந்தக் கேள்வி இன்றும் நிற்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, சொல்லுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. கசிவு நடந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். இரண்டு கோடிப் பயனர்களுக்கு மேல் உள்ள இணைய வணிக நிறுவனங்கள், மூன்று ஆண்டுகள் எட்டிப் பார்க்காதவரின் விவரத்தை அழிக்க வேண்டும். முழுமையாக நடைமுறைக்கு வர ஒன்றரை ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நல்ல கடை அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

விவரம் இல்லாமல் சலுகை எப்படித் தருவது என்று வணிகர்கள் கேட்பார்கள். பாயிண்ட் சேர்க்க ஒரு கார்டு எண் போதும். அதன் பின்னால் பெயர் இருக்க வேண்டிய அவசியமில்லை. பிறந்த நாள் வாழ்த்துக்கு மாதம் போதும், ஆண்டு வேண்டாம். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிந்ததும் வரிக்கணக்குக்குத் தேவையானது போக மற்ற ஆர்டர் வரலாற்றை அழித்துவிடலாம். விளம்பரப் பிரிவு இதை ஒப்புக்கொள்ளத் தயங்கும், பழைய வரலாற்றிலிருந்துதான் அடுத்த விற்பனையைக் கணிக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். மேலே சொன்ன 7.8 சதவீதத்தை அவர்கள் முன் வைப்பேன். எந்தக் கணிப்பும் சரியாக ஓடாத மாதங்களில், ஷெல்ஃபில் இடைவெளி இருந்த கடைக்குள் வந்து அந்த மக்கள் உணவு வாங்கினார்கள்.