காட்டு வேலை பார்த்த எலும்பு

கரிசல் சீமையில் அறுபது, எழுபதைத் தாண்டியவர்களிடம் எலும்புக்காகக் கொஞ்சம் உடற்பயிற்சி செய்யுங்கள் என்றால் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. புரட்டாசியில் விதைத்து, மார்கழிப் பனியில் களை எடுத்து, பங்குனி வெயிலில் பருத்தி எடுத்து வளர்ந்தவர்கள் அவர்கள். ஒரு குடம் தண்ணீருக்கு மைல் கணக்கில் நடந்த தலைமுறை. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் காதில் விழும் சில நம்பிக்கைகள் வயதானவர்களைப் படுக்கையில் தள்ளிவிடக் கூடியவை.

"காட்டு வேலை பாத்த உடம்புக்குத் தனியா எக்ஸர்சைஸ் எதுக்கு?"

மற்ற நம்பிக்கைகளைவிட இதுதான் அதிகக் கெடுதல் செய்கிறது. எலும்பு உயிருள்ள பொருள். பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் சாகும்வரை வேலை செய்துகொண்டே இருக்கின்றன. எந்த இடத்தில் எவ்வளவு பாரம் விழுகிறதோ, அதற்குத் தக்கபடிதான் கட்டும் வேலை நடக்கும். ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இலேயே இதை எழுதிவிட்டார். நல்ல உடற்கட்டோடு விண்வெளிக்குப் போகிறவர்களுக்கே, பாரம் இல்லாத அந்த இடத்தில் இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல் குறைகிறது. எலும்புக்கு இன்றைக்கு விழும் பாரம்தான் கணக்கு.

இளவயது உழைப்பு வீண் என்று சொல்லவில்லை. முப்பது வயதை ஒட்டி எலும்பு தன் உச்ச வலுவை எட்டுகிறது. அதுவரை ஓடியாடி வேலை செய்தவர்களுக்கு நல்ல முதல் சேர்ந்திருக்கும். ஆனால் மாதவிடாய் நின்றபின் வரும் ஐந்தாறு ஆண்டுகளில் பெண்களுக்கு எலும்பு வேகமாகக் கரைகிறது. கருப்பையோடு சினைப்பையையும் சின்ன வயதிலேயே எடுத்துவிட்டவர்களுக்கு அந்தக் கரைதல் இன்னும் முன்னாலேயே தொடங்கிவிடும். அதே காலத்தில்தான் முழங்கால் வலி வருகிறது, பிள்ளைகள் "போதும்மா, இனிமே காட்டுக்குப் போகாத" என்கிறார்கள். கரைவது கூடும்போது பாரம் குறைகிறது.

இன்னொன்றும் உண்டு. இந்த ஊர்ப் பெண்கள் பார்த்தது காட்டு வேலை மட்டுமில்லை. மழை ஏமாற்றிய வருஷங்களில் பிழைக்க வைத்தது தீப்பெட்டி ஆபீஸ். குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்தே செய்யும் வேலைகள். விரல்கள் ஓயாமல் உழைக்க, இடுப்பெலும்பில் பாரமே விழாமல் இருபது முப்பது வருஷம் போயிருக்கும். உழைத்த உடம்பு என்று அவர்கள் சொல்வது முழுக்க உண்மை. அந்த உழைப்பு இடுப்புக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை.

"தெனம் நடந்தாப் போதும்"

நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மனசுக்கு ரொம்ப நல்லது. விட்டுவிடாதீர்கள். ஆனால் சமதரையில் மெல்ல நடப்பது எலும்பு ஏற்கனவே பழகிய பாரம். அதனால் முதுகெலும்பு வலுப்பது மிகக் குறைவு. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கு வலுவும் உடம்புக்கு நிதானமும் தரும் பயிற்சிகளைச் செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது.

அதற்கு ஜிம் வேண்டாம். கனமான நாற்காலி ஒன்று, ஒரு சுவர், ஒரு வாசற்படி இருந்தால் போதும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து நின்று, மெல்ல உட்காருங்கள். அந்த மெல்ல உட்காருவதில்தான் பலன் இருக்கிறது. தொப்பென்று விழுந்தால் தொடைக்கு வேலையும் இல்லை, முதுகெலும்புக்கும் ஆகாது. முதலில் எட்டுப் பத்து முறை. கையை ஊன்றாமல் முடியவில்லையா, ஊன்றியே தொடங்குங்கள். பழகிவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள், பிறகு இரண்டு லிட்டர். எளிதாகிவிட்ட பயிற்சியை அப்படியே வைத்துக்கொள்வதுதான் பலரும் செய்வது. பாரத்தைக் கூட்டாமல் எலும்பிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது.

சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி முன்னங்காலில் நின்று இறங்கலாம். வாசற்படியில் ஒரு காலை வைத்து ஏறி இறங்கி, பிறகு மறுகால். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, முழங்கையை மடக்கி, நெஞ்சைச் சுவர் பக்கம் கொண்டுபோய்த் தள்ளி வருவது மணிக்கட்டுக்கும் தோளுக்கும். விழும்போது கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொள்வது சாதாரணமாக நடப்பது, அதனால் இதை விடவேண்டாம். நிதானத்துக்கு, அடுப்படி மேடை ஓரமாக ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கலாம். பத்து விநாடி ஒற்றைக் காலில் நிற்கலாம். கை எட்டும் தூரத்தில் பிடிமானம் இருக்கவேண்டும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

"பாரம் தூக்குனா எலும்பு ஒடிஞ்சிரும்"

ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் எலும்பு மெலிந்த, 58 வயதைக் கடந்த 101 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினர் வாரம் இருமுறை, அரை மணி நேரம், உண்மையிலேயே கனமான பாரத்தைத் தூக்கினார்கள். எட்டு மாதத்தில் அவர்களுடைய கீழ்முதுகு எலும்பின் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் கூடியது. வீட்டிலேயே இலேசான பயிற்சி செய்த மற்றவர்களுக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்தது.

இதை வாசித்துவிட்டு அரிசி மூட்டையைத் தூக்கப் போகவேண்டாம். அந்தப் பெண்களுக்குப் பக்கத்திலேயே பயிற்சியாளர் நின்றிருந்தார், ஒவ்வொரு அசைவையும் திருத்தினார். அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: இலேசான வீட்டுப் பயிற்சி எலும்பின் அடர்த்தியைக் கூட்டிவிடும் என்று நம்பக்கூடாது. அப்படியானால் அது எதற்கு? விழாமல் இருக்க. இடுப்பெலும்பு முறிவில் மிகப் பெரும்பாலானவை விழுந்து வருபவை. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டத்தில் கால் தசைக்கு வலுவும் நிதானமும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். முதியவர்கள் விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மெலிந்த எலும்புக்காரர் விழாமலே இருந்துவிட்டால் அவர் தப்பித்தார். என்னைக் கேட்டால் எலும்பின் அடர்த்தியைக் காட்டும் ஸ்கேன் எண்ணைவிட இதுவே பெரிது.

"வயசானா கூன் விழத்தான் செய்யும், குனிஞ்சு நிமிந்தாச் சரியாயிரும்"

இதில் இரண்டு பிழைகள். வயதான பெண்களின் கூன் பல நேரங்களில் முதுகெலும்புக் கட்டைகள் நசுங்கியதன் அடையாளம். அந்த முறிவுகளில் பாதிக்குமேல் யாருக்கும் தெரியாமலே நடந்துவிடுகின்றன, முதுகுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இளவயது உயரத்தைவிட நான்கு சென்டிமீட்டருக்குமேல் குறைந்திருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும்.

அடுத்தது ஆபத்தானது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1984இல் வெளியிட்ட ஆய்வில், முதுகெலும்பு மெலிந்த 59 பெண்களைப் பிரித்து வெவ்வேறு பயிற்சிகள் கொடுத்தார்கள். முன்பக்கம் குனியும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதத்தினருக்குப் புதிதாக எலும்பு நசுங்கியது. முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்குத்தான். சின்ன ஆய்வுதான், ஆனாலும் வித்தியாசம் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. எலும்பு மெலிவு உள்ளவர்கள் பாதத்தைத் தொடக் குனியும் ஆசனங்களை விட்டுவிடவேண்டும். குப்புறப் படுத்து, கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நெஞ்சை இலேசாகத் தூக்கி ஐந்து விநாடி நிறுத்தி இறக்கலாம். தரையில் படுத்து எழ முடியாதவர்கள் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, தோளையும் பின்மண்டையையும் சுவரைத் தொடவைக்க முயற்சி செய்யலாம்.

பயிற்சி நேரம் போக மீதிப் பொழுதும் முக்கியம். குட்டை விளக்குமாற்றால் குனிந்து வாசல் பெருக்குவதும், இடுப்பை வளைத்துத் தரையிலிருந்து நிறைகுடத்தைத் தூக்குவதும் அதே குனியும் வேலைதான். நீளக் கம்பு வைத்த விளக்குமாறு வாங்கிக் கொடுங்கள். குடத்தைத் திண்ணை உயரத்தில் வைக்கப் பழக்குங்கள்.

"இளவெயில்ல நின்னு கம்மங்கூழ் குடிச்சாப் போதும்"

வைட்டமின் டி தோலில் உண்டாக வேண்டிய கதிர் காலை இளவெயிலில் மிகக் குறைவு. பதினொரு மணிக்கு மேல் கையும் காலும் வெயில்படச் சிறிது நேரம் இருப்பது உதவும். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தப் பலன் கிடைக்காது. கம்பு நல்ல தானியம், ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து அதிகமில்லை. நூறு கிராம் கேப்பையில் 300 மில்லிகிராமுக்குமேல் இருக்கிறது; ஒரு நாள் தேவை ஏறத்தாழ 1000. முருங்கைக்கீரை, எள், மோர் எல்லாம் சேர்ந்தால்தான் எட்டும்.

"ஆம்பளைக்கு எலும்பு தேயாது"

தேயும், சற்றுத் தாமதமாக. இடுப்பு முறிந்தபின் ஓராண்டுக்குள் இறப்பவர்களின் விகிதம் பெண்களைவிட ஆண்களிடம் கூடுதல். பீடியும் குடியும் சேர்ந்தால் இன்னும் மோசம். மூச்சிரைப்புக்கும் மூட்டு வலிக்கும் நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் ஆணானாலும் பெண்ணானாலும் எலும்புப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். சீட்டு இல்லாமல் கிடைக்கும் பேரில்லாத வலிப் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும்.

"ஒரு தடவ விழுந்தாச்சு, இனிமே எந்திரிக்க வேண்டாம்"

ஐப்பசி, கார்த்திகையில் ஈரக் கரிசல் செருப்பில் அப்பி வழுக்கும், கோடையில் அதே மண் பாளம் பாளமாக வெடித்துக் காலை வாரும். பயந்துபோய் வீட்டார் ஆச்சியைக் கட்டிலிலேயே வைத்துவிடுகிறார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் சில வாரப் படுக்கையிலேயே தொடைத் தசை கரைந்துவிடும், அடுத்தமுறை எழுந்து நின்றதும் விழுவார். முறிவு இல்லை என்று மருத்துவர் சொன்னபின் மறுநாளே கைப்பிடித்து எழுப்பி நிறுத்துங்கள். ராத்திரி கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும், சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பதித்துவிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை அவரோடு சேர்ந்து நீங்களும் செய்யுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வழியில்லை என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். கிராம சுகாதார செவிலியரிடமோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிந்து கேளுங்கள்.