சர்க்கார் இணையதளங்கள் யாவருக்கும் பயன்படுமா? பரீட்சிக்கும் முறை

பட்டா, சிட்டா முதலிய நிலக் கணக்குகள் இக்காலத்தில் இணையதள மூலமாகவே பெரும்பாலும் பெறப்படுகின்றன. உடுமலைப்பேட்டை தாலுகாவில் பார்வை மங்கிய குடியானவர்களும், கை நடுக்கமுற்ற முதியோரும், இங்கிலீஷ் அறியாதோரும் உண்டு. தம் கணக்கைத் தாமே பார்க்க இயலாதவர் பிறர் வாசித்துச் சொல்வதையே நம்பியிருக்க வேண்டும். உட்பிரிவு எண்ணில் நேர்ந்த பிழை கிரயப் பத்திரம் எழுதும் சமயத்திற்றான் அவருக்குத் தெரியவரும்.

விதைக்குமுன் நூறு மணிகளை ஈரச் சாக்கில் முளைக்கவைத்துப் பார்ப்பது நாமறிந்ததே. இணையதளத்தையும் அவ்வாறே சோதிக்கலாம், செலவு ஒன்றுமில்லை. முதலாவது, கணினியின் மௌஸைக் கையால் தொடாமல் டாப் முதலிய விசைப்பலகை விசைகளாலேயே விண்ணப்பம் முழுவதையும் நிரப்பிப் பார்க்க. பின்னர் எழுத்தை இருமடங்கு பெரிதாக்குக. வரிகள் மறைதலோ, ஒன்றன்மேல் ஒன்று ஏறுதலோ கூடாது. எழுத்தின் நிறத்திற்கும் பின்புலத்திற்குமுள்ள ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்திற்குக் குறையலாகாதென்பது சர்வதேச விதி. வெண்மைமேல் இளஞ்சாம்பல் எழுத்து களத்துமேட்டு வெயிலில் எவர் கண்ணுக்கும் புலப்படாது.

மிக முக்கியமானது வாய்விட்டு வாசிக்கும் சோதனை. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக் என்னும் வசதியை இயக்கிக் கண்ணை மூடிக்கொள்க. திருமூர்த்தி அணை நீர் திறப்பு அறிவிப்பு ஸ்கேன் செய்த படமாக ஒட்டப்பட்டிருப்பின் அக்கருவி பெரும்பாலும் ஊமையாகிவிடும். விரலால் அழுத்தி எழுத்தைப் பிரதி எடுக்க முடியாவிடில் அது படமென்று அறியலாம். பழைய எழுத்துருவில் அச்சிட்ட பக்கமோ பொருளற்ற ஒலிகளாகவே கேட்கும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டுள்ளது. படத்திலுள்ள கோணலெழுத்தைக் கண்டு எழுதச் சொல்லும் பக்கம், ஒலி வழியும் தராவிடில், பார்வையற்றோரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

இவை தயவாகக் கேட்கும் சலுகைகளல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவ்வசதிகளைக் கோருகிறது. காமிரா முன் கண் சிமிட்டினாலன்றி அடையாளம் ஏற்கப்படாதென்ற முறையால் அமில வீச்சில் முகம் சிதைந்தோர் அடைந்த துன்பம் பற்றிய வழக்கில், மின்னணுச் சேவைகளை அடைதலும் வாழ்வுரிமையைச் சேர்ந்ததென உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-இல் தீர்ப்பளித்தது.

குறை காணின் பக்கத்தின் முகவரி, தேதி, தடைப்பட்ட இடம் ஆகியவற்றைக் குறித்து அத்தளத்தின் பொறுப்பாளருக்கு எழுதுக. "தளம் சரியில்லை" என்று மட்டும் எழுதுவது "பயிர் வாடுகிறது" என்பது போலாம். அதைக்கொண்டு எவரும் பரிகாரம் செய்யவியலாது. பதிலில்லையேல் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனுச் செய்யலாம். அதுவரையில் கிராம உத்தியோகஸ்தர்கள் கேட்போருக்குக் கணக்கை உரக்க வாசித்து, சர்வே எண்ணை இருமுறை சொல்லி, பெரிய எழுத்தில் நகலும் தருவார்களாக.