கறி, உருளைக்கிழங்கு புரிட்டோ: தராசில் வைத்துக் கற்றுக்கொண்டவை

நாங்கள் இருப்பது டெக்சாஸின் எல் பாஸோ நகரில். ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோவின் ஹுவாரெஸ். இந்தப் பக்கத்துப் புரிட்டோ மெலிதானது. கோதுமை டோர்ட்டியாவுக்குள் ஒன்றிரண்டு பொருள்தான் இருக்கும், சோறு வைக்க மாட்டார்கள். கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சீரகம், தக்காளி, பச்சைமிளகாயோடு வதக்கி வைப்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும். என் கணவருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. பிள்ளைகளோ வளர்கிற வயது. ஒரே சாப்பாடு இருவருக்கும் ஒத்துவர வேண்டும் என்பதற்காகத்தான் ஒவ்வொரு பொருளையும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் வழக்கமான புரிட்டோவின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கிய 10 அங்குல டோர்ட்டியா ஒன்று சுமார் 210 கலோரி. 15 சதவீதம் கொழுப்புள்ள மாட்டுக் கொத்துக்கறி, வெந்த பிறகு 85 கிராம் என்றால் 215. வெந்த உருளைக்கிழங்கு 100 கிராம் 87. சீஸ் 28 கிராம் 113. ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40. மொத்தம் 665 கலோரி. புரதம் 37 கிராம் வரை கிடைக்கிறது. கொழுப்பும் 30 கிராமைத் தாண்டுகிறது. நார்ச்சத்து மட்டும் சுமார் 4 கிராமோடு நின்றுவிடுகிறது.

உருளைக்கிழங்கைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். கணக்கைப் பார்த்தால் இந்த நான்கு முக்கியப் பொருள்களில் கலோரி குறைவாகத் தருவது அதுதான். அதைச் சமைக்கும் விதத்தில்தான் எல்லாம் மாறுகிறது. எண்ணெயில் பொரித்தால் அதே 100 கிராம் 300 கலோரி அளவுக்குப் போய்விடும். தோலோடு வேகவைத்தால் 100 கிராமில் 13 மில்லிகிராம் வைட்டமின் சி நிற்கிறது. உரித்துவிட்டு வேகவைத்தால் 7 மில்லிகிராம்தான் மிஞ்சும். அதனால் நான் தோலோடு அரைவேக்காடாக வேகவைத்து, ஆறியதும் சுண்டுவிரல் நக அளவுக்கு நறுக்குவேன். கறியை வதக்கிய அதே வாணலியில் ஒதுக்கிப் போட்டுக் கிளறாமல் விட்டால், அடிப்பக்கம் பொன்னிறமாகி மொறுமொறுப்பு வந்துவிடும். தனியாக எண்ணெய் ஊற்ற வேண்டியதே இல்லை.

கறியை முழுக்க ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் எண்ணம். 85 கிராம் மாட்டிறைச்சியில் 2 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து இருக்கிறது. அது உடலில் எளிதாகச் சேரும் வகை. ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் பி12-இல் பெரும்பங்கும் அதிலேயே வந்துவிடுகிறது. கூடவே அளவும் முக்கியம். சிவப்பு இறைச்சியை வாரத்துக்கு வெந்த எடையில் 350 முதல் 500 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம். கறியைப் பச்சையாக நிறுப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: வெந்ததும் எடையில் கால் பங்கு குறைந்துவிடும். 450 கிராம் வாங்கினால் வாணலியில் மிஞ்சுவது 340 கிராம்தான்.

எனக்குப் பெரிய பாடம் உப்பில்தான் கிடைத்தது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிற்கச் சொல்கிறது. கடை டோர்ட்டியா பலவற்றில் ஒன்றிலேயே 400 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. சீஸ் 180. பாட்டில் சல்சா இரண்டு மேசைக்கரண்டி 200-ஐ ஒட்டி. கறியில் போடும் உப்பையும் சேர்த்தால் ஒரே புரிட்டோவில் பாதி நாள் கணக்கு முடிந்துவிடுகிறது. மாவுதானே என்று நினைத்து டோர்ட்டியா பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்காமல் வாங்குகிறோம். அங்கேதான் உப்பு அதிகம்.

ஆகவே டோர்ட்டியாவை வீட்டிலேயே சுடுகிறேன். சப்பாத்தி தேய்த்துப் பழகிய கைக்கு அது சிரமமே இல்லை. மைதா 250 கிராம், எண்ணெய் 40 கிராம், உப்பு அரை டீஸ்பூன், வெந்நீர். பிசைந்து அரை மணி நேரம் மூடி வைத்து, எட்டு உருண்டையாக்கித் தேய்த்துச் சூடான கல்லில் சுட்டால் போதும். ஒன்றுக்கு 160 கலோரி, சோடியம் 145 மில்லிகிராம் அளவில் அடங்கிவிடுகிறது.

இப்போது எங்கள் வீட்டில் நிலைத்துவிட்ட அளவு இது: வீட்டு டோர்ட்டியா ஒன்று, வெந்த கறி 50 கிராம், உருளைக்கிழங்கு 40 கிராம், வேகவைத்து மசித்த பிண்டோ பீன்ஸ் 40 கிராம், அரை டீஸ்பூன் எண்ணெய். சீஸ் கிடையாது. தக்காளி, வெங்காயம், கொத்தமல்லியை நறுக்கி எலுமிச்சை பிழிந்த பச்சைச் சல்சா மேலே. மொத்தம் 400 கலோரி, புரதம் 20 கிராம், நார்ச்சத்து 5 கிராம். எலுமிச்சையின் வைட்டமின் சி, பீன்ஸில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர உதவுகிறது. பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சிட்டிகை சீஸ் தூவித் தருவேன்.

செய்கிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

கொத்துக்கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். நிறத்தை நம்பாமல் உணவு வெப்பமானியை வைத்துப் பாருங்கள். வழிந்த கொழுப்பை வடித்துவிட்டு அதன் பிறகு மசாலா போடுங்கள்.

பூரணம் ஈரமாக இருந்தால் டோர்ட்டியா ஊறிக் கிழியும். தக்காளித் தண்ணீர் சுண்டும் வரை பொறுத்திருங்கள்.

சுருட்டியதும் மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி கல்லில் ஒரு நிமிடம் வையுங்கள். பிரியாது.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மறுபடி சூடாக்கும்போது உள்ளே 74 டிகிரி வரை ஏற வேண்டும்.

கறியும் கிழங்கும் சேர்ந்த புரிட்டோ கெட்ட சாப்பாடு என்று யாரும் தள்ளிவைக்க வேண்டியதில்லை. டோர்ட்டியாவின் அளவையும் உப்பையும் சீஸையும் நம் கையில் வைத்துக்கொண்டால், வேலைநாள் மதியத்துக்கு அது நிறைவான சாப்பாடு. அடுத்த முறை செய்யும்போது ஒரே ஒரு தடவை எல்லாவற்றையும் நிறுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு எது கூடுதல், எது குறைவு என்று தெரிந்துவிடும்.