அடிநூல் சீரானால் தையல் சீராகும்

பினாங்கு லெபோ பாசாரில் துணி வாங்கி, பிள்ளைகளுக்குத் தாமே தைத்துக் கொடுக்கும் தோட்டத்துத் தாய்மார் உண்டு. பண்டிகை நெருங்குகையில் தையல் கெட்டால், இயந்திரம் பழுதென்று பட்டணத்திற்குத் தூக்கிச் செல்வர். பணமும் பொழுதும் வீணாகும். முதலில் பாபினைப் பார்ப்போம்.

1850களில் அமெரிக்கரான ஆலன் வில்சன் அமைத்த வட்டப் பாபினின் வழிவந்ததே நம் வீட்டுப் பாபினும். அதை மாற்றுமுன் ஊசியை உச்சிக்கு உயர்த்த வேண்டும். பழைய நூலின்மேல் புதிய நூலைச் சுற்றலாகாது; விளிம்பு வழிய நிரப்பவும் கூடாது. கையேடு காட்டும் திசையில் பாபினைக் கேஸில் இட்டு, நூலைப் பிளவின் வழியே தகட்டு வில்லின் அடியில் இழுத்து, நான்கு அங்குலம் வெளியே விடுவோம்.

பின்னர் நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டுச் சோதிப்போம். மெல்ல உதறும்போது சிறிது இறங்கி நின்றால் சரி. தானே சரிந்து விழுந்தால் நூல் தளர்ச்சி; உதறியும் அசையாவிடில் இறுக்கம். சிறு திருகாணியை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்குமேல் திருப்பலாகாது.

அவ்வப்போது பஞ்சுத்தூளைத் தூரிகையால் நீக்கி, கொக்கி ஓடும் பாதையில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் இடுவோம். தேங்காய் எண்ணெய் வேண்டா. அது நாளடைவில் பிசினாகிக் கொக்கியை இறுக்கிவிடும்.

கத்தி மழுங்கியிருக்க, மரத்தைக் குறைகூறார் பால்வெட்டுவோர். அடிநூலைப் பாராமல் இயந்திரத்தைக் குறைகூறுவதும் தகாது.