ஒரே தெரு, நான்கு மாவட்டப் பெயர்கள்

ராஜபாளையம்

அன்பு மருமகள் கயல்விழிக்கு,

மாமா எழுதுகிறேன். கலெக்டர் விருதுநகரில் இருக்கிறார், மாவட்டக் கோர்ட்டோ ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது, எம்.பி. என்றால் தென்காசி எம்.பி. என்கிறார்கள், அப்படியானால் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் நாங்கள் எந்த ஊருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று கேட்டிருந்தாய். பெரியவர்கள் பலர் இதைக் கேட்காமலே காலம் தள்ளிவிடுகிறார்கள்.

நாட்டுக்குள் மாநிலம், அதற்குள் மாவட்டம், வட்டம், கிராமம் என்று உன் பாடப்புத்தகம் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் காட்டும். பரீட்சைக்கு அது போதும். நடைமுறையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோடு தனியாகப் போட்டிருக்கிறார்கள். எல்லாக் கோடும் ஒரே இடத்தில் ஓடுவதில்லை. நிலமும் சான்றிதழும் ஒரு கோடு, ஓட்டு வேறு கோடு. ரயிலுக்கு மதுரைக் கோட்டம், வண்டி நம்பருக்கு டிஎன் 84. மேற்கே மலையில் புலிகள் காப்பகத்தின் எல்லை, தேனி மாவட்டத்தையும் நம்முடையதையும் சேர்த்தே வளைத்துக்கொண்டு போகிறது.

தென்காசி எப்படி வந்தது தெரியுமா? தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள், 39 மக்களவைத் தொகுதிகள். வகுத்துப் பார், ஆறு வரும். நம் மாவட்டத்தில் ஏழு சட்டமன்றத் தொகுதிகள். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசியோடு போயின, திருச்சுழி ராமநாதபுரத்தோடு போனது. மீதி நான்கோடு திருமங்கலத்தையும் திருப்பரங்குன்றத்தையும் சேர்த்து விருதுநகர்த் தொகுதி ஆக்கினார்கள். தொகுதி மறுவரையறையில் பெரிதாகப் பார்ப்பது மக்கள்தொகைக் கணக்கு. கலெக்டர் ஆபீஸ் எந்த ஊரில் இருக்கிறது என்பதற்கு அங்கே முதலிடம் இல்லை.

மாவட்டக் கோடு மட்டும் என்ன, கல்லில் வெட்டியதா? உங்கள் பக்கம் நூறு வருஷத்துப் பத்திரம் வைத்திருக்கும் வீடு ஏதாவது இருந்தால் கேட்டு வாங்கிப் பார். 1910-க்கு முந்தியது என்றால் திருநெல்வேலி ஜில்லா என்று இருக்கும். அந்த ஆண்டு மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் துண்டுகள் எடுத்து ராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கினார்கள். பெயர்தான் ராமநாதபுரம், கலெக்டர் ஆபீஸ் மதுரையில் இருந்தது! சேதுக்கரை ஆளும் சேத்தூர் ஆளும் மனுவைத் தூக்கிக்கொண்டு இன்னொரு ஜில்லாவின் தலைநகருக்கு அலைந்தார்கள். 1985 மார்ச் 15-ல் அதை மூன்றாகப் பிரித்தபோது நாம் காமராஜர் மாவட்டம் ஆனோம். தலைவர்கள் பெயரை வைத்துத் தென் மாவட்டங்களில் மோதல் மூண்டதால், 1997-ல் எல்லா மாவட்டங்களிலிருந்தும் அந்தப் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. அன்றிலிருந்து விருதுநகர். வீடு நகரவே இல்லை. நான்கு மாவட்டப் பெயர்களைப் பார்த்துவிட்டது.

மாநிலமும் அப்படித்தான். எங்கள் ராஜபாளையத்துக்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜா 1949-ல் பதவிக்கு வந்தபோது அவர் சென்னை மாகாணத்தின் பிரதமர். 1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், அதே நாற்காலியில் முதலமைச்சர் ஆனார். அப்போது ஆந்திரக் கடற்கரையும் மலபாரும் மங்களூரும் சென்னைக்குக் கீழேதான் இருந்தன. 1953-ல் ஆந்திரம் போனது. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரியாக மாநிலங்களைத் திருத்தியபோது மலபாரும் தென் கன்னடமும் போயின, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்தன. மொழிவாரி எல்லை நல்ல ஏற்பாடு என்பதுதான் என் கட்சி. ஆனாலும் தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்த ராஜாவின் ஊர் தமிழ்நாட்டுக்குள்தான் இருக்கிறது. எந்த எல்லையும் வீடு வீடாக ஒதுங்கிப் போவதில்லை.

சரி, உனக்கு இப்போது உதவக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பு முடித்ததும் சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் பதிந்தால் மனு முதலில் கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.விடம் போகும், பிறகு ஆர்.ஐ. எனப்படும் வருவாய் ஆய்வாளர், கடைசியில் தாசில்தார் ஆபீஸ். தாசில்தாருக்கு மேலே சிவகாசியில் சப் கலெக்டர், அவருக்கும் மேலே கலெக்டர். இந்த வரிசையில் நாம் ஓட்டுப் போட்டு வருகிறவர் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் மேலிருந்து நியமிக்கப்பட்டவர்கள். 1980 வரை கிராமத்தில் கர்ணமும் மணியக்காரரும் இருந்தார்கள்; எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்த பிறகு வந்தவர்தான் வி.ஏ.ஓ.

இன்னொரு வரிசை கீழிருந்து வருவது. நகரத்தில் கவுன்சிலர், நகராட்சித் தலைவர். கிராமத்தில் வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் குழு, மாவட்ட ஊராட்சி. தண்ணீர், தெருவிளக்கு, குப்பை, சாக்கடை இவர்கள் பாடு. வட்டமும் ஒன்றியமும் ஒன்று என்று நினைத்துவிடாதே. நம் மாவட்டத்தில் வட்டம் 10, ஒன்றியம் 11. நரிக்குடிக்கு ஒன்றியம் உண்டு, வட்டம் கிடையாது. நிலத்துக்கு அவர்கள் திருச்சுழிக்குப் போக வேண்டும். வீட்டு வரி ரசீதை எடுத்துத் தலைப்பைப் படி. நகராட்சி என்றிருக்கிறதா, ஊராட்சி என்றிருக்கிறதா? விளக்கு எரியாவிட்டால் யாரைக் கேட்பது என்பதற்கு அந்த ஒரு வரி போதும். தெருவிளக்குக்காகக் கலெக்டரிடம் திங்கட்கிழமை மனு கொடுக்க வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

இந்த இரண்டாவது வரிசைக்கு 1993-ல் 73, 74-வது திருத்தங்கள் அரசியல் சட்டத்தில் இடம் கொடுத்தன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம். அப்படியும் என்ன நடந்தது? 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. நம் மாவட்டக் கிராமங்களுக்குத் தேர்தல் வந்தது 2019 டிசம்பரில், நகராட்சிகளுக்கோ 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட காலமெல்லாம் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. 2025 ஜனவரியில் கிராமங்களுக்கு மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். இலங்கையிலும் இதே கதைதான். ஒன்பது மாகாணங்களுக்குச் சபை அமைத்துக் கொடுத்தார்கள். அங்கே 2014-ல் ஊவா மாகாணத்துக்குப் பிறகு பத்தாண்டு கடந்தும் மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மேலே இருப்பவர்களுக்குக் கீழே ஒரு சபை உட்காருவது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. எம்.எல்.ஏ. தேர்தல் இப்படி மூன்று வருஷம் தள்ளிப்போயிருந்தால் ஊரே திரண்டிருக்கும்.

உனக்கு ஓட்டு வர இன்னும் வருஷம் இருக்கிறது. அதுவரை ஒரு வேலை செய். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். ஊராட்சியில் இருக்கும் உன் தோழி வீட்டுக்குப் போய், அவள் அம்மாவோடு ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து வா. வரவு செலவு வாசிக்கிறார்களா, வாசிக்கும்போது யாராவது கேள்வி கேட்கிறார்களா, கேட்டவருக்கு என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுது. அம்மாவையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா