பையன்கள் லேபுக்கு, பெண்கள் சமையலுக்கு!

கதை மாதிரி இருக்கும், ஆனால் நடந்தது. 1950களில் வட அயர்லாந்தில் லர்கன் என்ற ஊர்ப் பள்ளியில், ஒருநாள் பையன்களையும் பெண்களையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். விளையாட்டு பீரியட் போல என்று நினைத்தார் ஜோஸ்லின் பெல். பார்த்தால், பையன்கள் சயின்ஸ் லேபுக்கு, பெண்கள் சமையல் வகுப்புக்கு! வீட்டில் போய்ச் சொன்னார். அப்பா அம்மா பள்ளியிடம் சண்டை போட்டார்கள். அடுத்த வகுப்பில் லேபில் மூன்று பெண்கள் இருந்தார்கள்.

(நம்ம லேபில் மட்டும் என்னவாம்? பியூரெட்டைப் பிடிப்பது யார், நோட்டில் ரீடிங் எழுதுவது யார் என்று கொஞ்சம் கவனியுங்கள்.)

பிறகு இங்கிலாந்தில் யார்க் நகரப் பள்ளியில் ஓர் இயற்பியல் ஆசிரியர் கிடைத்தார். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், சில அடிப்படைகளைப் பிடித்துக்கொண்டால் மற்றதை நாமே கட்டிக்கொள்ளலாம் என்று காட்டியவர் அவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆனர்ஸ் வகுப்பில் ஜோஸ்லின் ஒரே பெண். உள்ளே நுழைந்தாலே பையன்கள் விசிலடித்து, டெஸ்கைத் தட்டுவார்களாம். ஆனாலும் விடவில்லை.

அடுத்து கேம்பிரிட்ஜ். "நமக்கு இந்த இடம் தகுமா, அனுப்பிவிடுவார்களோ" என்று உள்ளுக்குள் பயம். அதனால் எந்த வேலையையும் ஒன்றுக்கு இரண்டு முறை பார்ப்பார். ரேடியோ தொலைநோக்கி தினமும் சுமார் 30 மீட்டர் நீளத்துக்குக் காகிதத்தில் கோடு போட்டுத் தள்ளும். அதை முழுக்கக் கண்ணாலேயே பார்க்க வேண்டும். 1967இல் அதில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கிறுக்கல். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அவர் விடவில்லை. 1.33 விநாடிக்கு ஒரு துடிப்பு! அதுதான் முதல் பல்சார். வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்.

1974இல் இதற்கான நோபல் பரிசு அவருடைய வழிகாட்டி ஆன்டனி ஹியூவிஷுக்குப் போனது. ஜோஸ்லினுக்கு இல்லை. எனக்கு இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது.

2018இல் அவருக்கு வேறொரு பெரிய பரிசு கிடைத்தது. 30 லட்சம் டாலர்! ஒரு பைசா கூட வைத்துக்கொள்ளவில்லை. பெண்கள், அகதிகள், சிறுபான்மையினர் என்று இயற்பியலில் குறைவாக இருப்பவர்கள் பிஎச்.டி. படிக்க உதவித்தொகையாகக் கொடுத்துவிட்டார். காரணம் கேட்டதற்கு, தான் அங்கே வேற்றாளாக இருந்து பயந்து பயந்து பார்த்ததால்தான் அந்தக் கிறுக்கலே கண்ணில் பட்டது, அதுபோல வேறு இடத்திலிருந்து வருபவர்கள் வேறு மாதிரி பார்ப்பார்கள் என்றாராம்.